துணைக்கு இருப்பதில் உள்ள ஆபத்துகள்

அடுத்தவர் வீட்டில் போய் உட்கார்ந்திருப்பதுதான் அவள் தொழில்.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. உட்காருவதற்குக் கூலியா என்பார்கள். ஆனால் நினைவு தப்பியவரோ படுக்கையில் விழுந்தவரோ ஒருவர் இருக்கும் வீட்டில், அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு கல்யாணம் கிடையாது, சாவு கிடையாது, பல்வலி கிடையாது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு அவள் போவாள். வீட்டுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போக, இவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவாள். பேசப் பிடித்தவர்களோடு பேசுவாள். பேசப் பிடிக்காதவர்களோடு பேசாமல் இருப்பாள். ஊசி போடமாட்டாள், சமைக்கமாட்டாள், தரை துடைக்கமாட்டாள். யாரிடமும் அவள் வேலைக்குச் சேர்ந்தவள் அல்ல. ஒரு வீட்டில் சொல்லி இன்னொரு வீடு, அந்த வீட்டில் சொல்லி மற்றொன்று என்று தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. "நாளைக்குத் துணை வேணும்", "துணை வந்தாச்சா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் 'துணை' என்பதே அவள் பெயராகிவிட்டது.

அவள் அதிகம் போனது லாரி டிரைவர் வீட்டுக்கு.

டிரைவர் வண்டியை விட்டு இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. மனைவியின் பெயர் மறந்துவிட்டது. மகனின் முகம் மறந்துவிட்டது. சாப்பிட்டோமா என்பது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மறந்துவிடும். லாரி மட்டும் மறக்கவில்லை. முன்னறையில் கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்று உண்டு. காலையில் அதில் ஏறினார் என்றால் அதுதான் லாரி. எதிரே ஜன்னல், அதுதான் முன்கண்ணாடி. இரண்டு கையாலும் காற்றைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு, வாயால் கியர் மாற்றிக்கொண்டு, இருட்டும் வரை ஓட்டுவார். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான்: பக்கத்து நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. காலியாக இருந்தால், கிளீனரை எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று பதறி எழுந்து தேடக் கிளம்பிவிடுவார்.

ஆகவே அவர் மனைவி நாள் முழுக்கக் கிளீனராக இருந்தாள்.

"இடது பக்கம் வண்டி வருதா பாரு."

"வரல, போங்க."

அவளுக்கு இடது பக்கமும் தெரியாது, வலது பக்கமும் தெரியாது. இரண்டு கண்ணிலும் புரை. எதிர்ச் சுவரில் மாட்டியிருப்பது காலண்டரா கண்ணாடியா என்றே கிட்டே போனால்தான் தெரியும். "புரை முத்திக்கிட்டே போகுது. சீக்கிரம் எடுக்கணும், ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு" என்று கண் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஒரு பகல் முழுக்க நீ இருந்துக்குவியாம்மா?" என்று அவள் கேட்டாள்.

"இதென்னக்கா கேள்வி? நீங்க போயிட்டு வாங்க" என்றாள் துணை.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மகன் தொலைபேசியில் வந்தான். வெளியூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறான். படிக்கட்டில் ஏறும்போது கைப்பிடியைப் பிடியுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவன் வேலை.

"அம்மா, அவங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?"

"எதுக்குப்பா? அவ உக்காந்திருக்கத்தானே வர்றா?"

"புது விதி வந்திருக்கும்மா. சொந்தமா இந்தத் தொழில் பண்றவங்க இன்ஷூரன்ஸ் இல்லாம வீட்டுக்குள்ளயே வரக்கூடாது. நாளைக்கு அப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நாந்தான். இவ்வளவு நாளா நாந்தானே?"

"உங்களுக்கும் இன்ஷூரன்ஸ் இல்லையேம்மா" என்றான் மகன், கவலையோடு.

துணை மறுநாளே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர். சுவர் முழுக்க ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே 'உங்களோடு, எப்போதும்' என்று எழுதியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்தபடி கேட்டார்.

"என்ன தொழில்?"

"துணைக்கு இருக்கிறதுங்க."

"யாருக்கு?"

"யாரு கூப்பிடுறாங்களோ அவங்களுக்கு."

கவுண்டர்காரர் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்தார். "அம்மா, இது நாலு பேர் வந்து போற இடம்" என்றார் மெதுவாக.

துணைக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்து, தன் தொழிலை விளக்கினாள். விளக்க விளக்க அவர் முகத்தில் சந்தேகம் போய்க் குழப்பம் வந்தது. திரையில் இருந்த பட்டியலை விரலால் மேலும் கீழும் தள்ளினார்.

"நர்ஸா?"

"இல்லைங்க."

"வேலைக்காரியா?"

"இல்லைங்க."

"சொந்தக்காரங்களா?"

"இல்லைங்க. சும்மா பக்கத்துல இருப்பேன்."

"பாம்பு பிடிக்கிறவங்களுக்கு இருக்கு. பாறைக்கு வெடி வைக்கிறவங்களுக்கு இருக்கு. சர்க்கஸ்ல கத்தி வீசுறவங்களுக்கு இருக்கு. அந்தக் கத்திக்கு எதிர்ல நிக்கிறவங்களுக்குத் தனியா இருக்கு. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு இல்லையேம்மா."

"அப்படின்னா இதுல ஆபத்து இல்லைன்னுதானுங்களே அர்த்தம்?"

கவுண்டர்காரர் குழந்தையைப் பார்ப்பது போல் அவளைப் பார்த்தார். "அப்படி இல்லம்மா. எவ்வளவு ஆபத்துன்னு தெரியலைன்னு அர்த்தம். கத்தி வீசுறவர் எத்தனை பேரைக் குத்துவாருன்னு எங்ககிட்ட கணக்கு இருக்கு. நீங்க ஒருத்தர் பக்கத்துல போய் உக்காந்தா என்ன ஆகும்னு உலகத்துல யாருக்குமே தெரியாது. அதனால ஆபத்து மதிப்பீட்டு அதிகாரி நேர்ல வந்து பார்ப்பாரு. நீங்க வழக்கமா பண்றதையே பண்ணுங்க."

"நான் எதுவும் பண்றதில்லைங்க."

"அதைத்தான் பார்க்க வர்றாரு."

ஆபத்து மதிப்பீட்டு அதிகாரி ஒரு பெரிய கறுப்புப் பையோடு வந்தார். மெலிந்த மனிதர். வாசற்படியின் உயரத்தை அளந்தார். டிரைவரின் மனைவி கொடுத்த தேநீரைக் குடிக்காமல், அதில் வெப்பமானியை விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஜன்னலைத் திறந்து மூடினார். பிறகு முன்னறையில் நின்று, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு நாற்காலிகளையும், அவற்றில் இருந்த இருவரையும் உற்றுப் பார்த்தார்.

டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

"செக்போஸ்ட் வந்தாச்சு. பேப்பரை எடு" என்றார் துணையிடம்.

"செக்போஸ்ட் இல்லண்ணே. வழியில லிஃப்ட் கேக்குறாரு."

"பாவம், வெயில்ல நிக்கிறான். ஏறச் சொல்லு."

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேன்" என்றார் அதிகாரி.

"எங்க வேணா போங்க தம்பி, மொதல்ல ஏறுங்க. பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

அதிகாரி பின்னால் திரும்பிப் பார்த்தார். பார்த்ததற்குத் தானே வெட்கப்பட்டார். அங்கே ஒரு முக்காலி இருந்தது. குறிப்பெடுக்க வசதியாக இருக்கும் என்று அதில் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் கேட்டார்: "ஊருக்கா? வீட்டில யாரெல்லாம்?"

"அம்மா மட்டுந்தான்."

"போய்ப் பார்க்கிறதுண்டா?"

அதிகாரி பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். துணை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவள் தொழில். வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஒரு மேடு ஏறி இறங்கியபின் அதிகாரி தானாகவே பேச ஆரம்பித்தார். அம்மாவுக்குக் காது கேட்காது என்றார். போனில் பேசினால் அவள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பாள் என்றார். அதனால் போன் செய்வதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பையை மடியில் வைத்துக்கொண்டு மதியம் வரைக்கும் பேசினார். ஆறிப்போன தேநீரையும் குடித்தார். கடைசியில் சட்டென்று எழுந்து, "நான் இங்கேயே இறங்கிக்கிறேன்" என்றார். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். அதிகாரி இறங்கினார்.

நல்ல மனிதர், நல்ல விதமாக எழுதுவார் என்று இரண்டு பெண்களும் பேசிக்கொண்டார்கள்.

கிளை மேலாளர் அழைத்தபோது அறிக்கை அவர் மேஜையில் இருந்தது. அதை அவர் ஒரு விஷப் புட்டியைத் தள்ளி வைப்பதுபோல் விரல் நுனியால் தள்ளி வைத்தார்.

"ரொம்ப ஆபத்தான தொழிலம்மா உங்களோடது. எங்க அதிகாரி சுரங்கத்துக்குள்ள எல்லாம் போய் வந்தவர். அந்த டிரைவர் வீட்டிலதான் பாதிக்கப்பட்டிருக்காரு. அலுவல் நேரத்துல, சம்பந்தமே இல்லாம, சொந்த அம்மாவைப் பத்திப் பேசியிருக்காரு. 'துணையின் விளைவு அறைக்குள் கசிந்து, அருகில் இருப்பவர்களையும் தாக்குகிறது'ன்னு அவரே எழுதியிருக்காரு. மூணு நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டாரு."

"அம்மாவைப் பார்க்கவாங்க?"

"அது அவரோட சொந்த விஷயம். இன்னொண்ணு. அந்த முன்னறையில பதிவு பண்ணாத கனரக வாகனம் ஒண்ணு ஓடுதாமே?"

"அது நாற்காலிங்க."

"இருக்கலாம். ஆனா அதிகாரி அதுல பயணம் பண்ணியிருக்காரு." மேலாளர் எழுந்து, சுவரில் சிரிக்கும் குடும்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். மேடையில் பேசிப் பழகிய குரல். "பயப்படாதீங்க. நாங்க யாரையும் கைவிடுறதில்ல. 'உங்களோடு, எப்போதும்', அதுதான் எங்க கொள்கை. எப்போதும்னா, பாலிசி காலம் முடியிற வரைக்கும். உங்களோடுன்னா, கொஞ்சம் தள்ளி நின்னு. மனுஷங்க மேல அன்பு இருக்கிறதாலதான் நாங்க இவ்வளவு தள்ளி நிக்கிறோம். கிட்ட வந்தா பொறுப்பு வந்துடும். பொறுப்பு வந்தா நஷ்டம் வந்துடும். நஷ்டம் வந்தா அப்புறம் அன்பா இருக்க எங்களால முடியாமப் போயிடும். உங்களுக்குப் பாலிசி உண்டு. சில நிபந்தனைகள் மட்டும்."

நிபந்தனைகளை அவரே வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் உட்காரலாம், தொடக்கூடாது. பேசலாம், ஆலோசனை சொல்லக்கூடாது.

"நான் எங்கங்க ஆலோசனை சொல்றேன்?"

"'இடது பக்கம் வண்டி வரல, போங்க'ன்னு சொல்றீங்களாமே? அது போக்குவரத்து ஆலோசனை. அவர் போய் எதுலயாவது மோதினா?"

"ஜன்னல்லயாங்க?"

"எதுலயாவது."

"அப்ப அவரு கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"'இடது பக்கத்தைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை'ன்னு சொல்லுங்க."

துணை அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் ஒட்டவில்லை.

"அவரு கீழ விழுந்துட்டா?"

"விழும்போது பிடிச்சா குறுக்கீடு. விழுந்தப்புறம் தூக்கினா சிகிச்சை. ரெண்டுக்கும் உங்களுக்கு அனுமதி இல்ல. எங்க உதவி எண்ணுக்கு போன் பண்ணணும். எப்பவும் ஆள் இருப்பாங்க."

பாலிசி அட்டை வந்தது. மகனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். "இப்பத்தாம்மா எனக்கு நிம்மதி. அதுல என்ன சொல்லியிருக்கோ அதை அப்படியே பண்ணச் சொல்லுங்க. ஒண்ணு மாறினாலும் செல்லாது" என்றான். டிரைவரின் மனைவி அதைத் துணையிடம் சொல்லி, "எனக்காக அப்படியே பண்ணிடும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கலாமா என்று இருவருக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது. பாலிசியில் டிரைவரைத் தொடுவது பற்றி மட்டும்தான் இருந்தது.

ஆபரேஷன் நாள் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி கூட வர, டிரைவரின் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, தெரியாத கண்ணால் கணவரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனாள். துணை பக்கத்து நாற்காலியில், தொடாத தூரத்தில், உட்கார்ந்தாள்.

வண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு திருப்பம் வந்தது.

"இடது பக்கம் வண்டி வருதா பாரு."

"இடது பக்கத்தைப் பத்தி எனக்குக் கருத்து இல்லண்ணே."

டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "என்ன இல்ல?"

"கருத்துண்ணே."

"கருத்து யாருய்யா கேட்டா? வண்டி வருதா, வரலையா?"

துணை ஜன்னலைப் பார்த்தாள். வரவில்லை, போங்கள் என்று சொல்லத் தொண்டை வரை வந்துவிட்டது. எனக்காக அப்படியே பண்ணிடும்மா என்ற குரலும் காதில் இருந்தது. பேசாமல் இருந்தாள். அவள் வாழ்க்கையிலேயே பேசாமல் இருந்தது தப்பு என்று பட்டது அப்போதுதான்.

டிரைவர் வண்டியை நிறுத்தினார். பின்னால் ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே போனது அவர் முகத்தில் தெரிந்தது. "ஆள் இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடுச்சே. நானே இறங்கிப் பார்க்கிறேன்" என்றார். லாரியின் படி உயரமானது. அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கி வெளியே நீட்டி, இல்லாத படியில் மிதித்தார்.

துணையின் கை தானாக நீண்டது. 'குறுக்கீடு' என்ற சொல் நினைவுக்கு வந்து அந்தக் கை ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடியில் அவர் தரையில் கிடந்தார்.

அவள் உதவி எண்ணுக்கு போன் செய்தாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் குரல் சொன்னது. பயிற்சிக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றும் சொன்னது. பிறகு புல்லாங்குழல் வாசித்தார்கள். டிரைவர் தரையில் மல்லாந்து, முகட்டைப் பார்த்து, "வண்டி கவுந்துருச்சா?" என்று கேட்டார்.

"வணக்கம், சொல்லுங்க. விபத்து எப்படி நடந்தது?"

"லாரியில இருந்து இறங்கும்போது விழுந்துட்டாருங்க!"

வாயில் வந்துவிட்டது. எத்தனை நாள் பழக்கம்.

"வாகன விபத்தா? அந்தப் பிரிவுக்கு மாத்துறேன், இணைப்பிலேயே இருங்க."

"இல்லைங்க, நாற்காலி, நாற்காலியில இருந்து..."

புல்லாங்குழல். வாகனப் பிரிவில் ஓர் ஆண் குரல் வண்டி எண்ணைக் கேட்டது. வண்டி இல்லை, நாற்காலி என்றாள். நாற்காலி எந்த வண்டியில் இருக்கிறது என்று கேட்டது. எந்த வண்டியிலும் இல்லை, முன்னறையில் இருக்கிறது என்றாள். வண்டி முன்னறைக்குள் புகுந்துவிட்டதா, சுவருக்குச் சேதம் எவ்வளவு என்று கேட்டது. கட்டடப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னது.

தரையில் இருந்து டிரைவர் ஒரு கையைத் தூக்கினார். "கிளீனர்" என்று கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. "இருக்கியா?"

துணை போனைத் தரையில் போட்டாள். அவர் அக்குளில் கை கொடுத்து, முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். கனத்த உடம்பு. அவள் இடுப்பில் என்னவோ ஒன்று கயிறு அறுந்த மாதிரி விட்டுப்போனது. அவரை நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, வலியோடு தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இடது பக்கம் யாரும் வரலண்ணே. ரோடு காலியா இருக்கு. நீங்க போங்க."

டிரைவர் ஒற்றைக் கையால் வண்டியை எடுத்தார். தரையில் கிடந்த போன் அவர்களின் அழைப்பு எவ்வளவு முக்கியம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

டிரைவரின் மனைவி ஒரு கண்ணில் கட்டோடு வந்து சேர்ந்தாள். மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். துணை எதையும் மறைக்கவில்லை. அந்த ஒரு நொடியையும் சொன்னாள்.

"நான்தானேம்மா அப்படியே பண்ணச் சொன்னேன்" என்றாள் அவள். "நீ ஏன் கோணலா நிக்கிற? இடுப்புக்கு என்ன?"

டிரைவரின் மணிக்கட்டு எலும்பில் கீறல் என்று டாக்டர் கட்டுப் போட்டார். மகனுக்குக் கோபம் வரவில்லை. ஒரு வகையில் அவனுக்குத் திருப்திதான். "இதுக்குத்தானே இன்ஷூரன்ஸ்" என்றான். விண்ணப்பித்தார்கள்.

விசாரணை, அந்தச் சிரிக்கும் குடும்பத்துக்குக் கீழேதான் நடந்தது. வாகனப் பிரிவிலிருந்து ஒருவர், பொறுப்புப் பிரிவிலிருந்து ஒருவர், நடுவில் மேலாளர். ஓரத்தில் ஆபத்து மதிப்பீட்டு அதிகாரி, கறுப்புப் பையைக் கட்டிக்கொண்டு.

வாகனப் பிரிவுக்காரர் முதலில் பேசினார். "இது நாற்காலி. நாற்காலிக்கு நாங்க பொறுப்பில்ல."

பொறுப்புப் பிரிவுக்காரர் அடுத்துப் பேசினார். "விபத்து நடந்த உடனே, மனசுல கள்ளம் புகுறதுக்கு முன்னாடி, லாரின்னு இவங்களே சொல்லியிருக்காங்க. பதிவு இருக்கு. லாரிக்கு நாங்க பொறுப்பில்ல."

இருவரும் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

மேலாளர் பதிவை ஓடவிட்டார். தரையில் கிடந்த போன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. டிரைவர் கூப்பிட்டது, இவள் முனகியது, கடைசியில் 'நீங்க போங்க' என்றது.

"தூக்கினீங்களா?"

"தூக்கினேங்க."

"ஏன்?"

துணைக்குக் கேள்வி புரியவில்லை. "கீழ கிடந்தாருங்க."

"கீழ கிடந்தது அவரோட நிலை. அதை மாத்தினது நீங்க."

"பாலிசியில சொன்ன மாதிரி நான் பேசினதாலதாங்க அவரு எழுந்தாரு. இல்லைன்னா விழுந்திருக்கவே மாட்டாரு."

மேலாளரின் முகம் மலர்ந்தது. "ரொம்பச் சரி. அதுல உங்க மேல ஒரு குறையும் இல்ல. நிபந்தனையை ஒரு எழுத்து மாறாம கடைப்பிடிச்சிருக்கீங்க. அவர் விழுந்தது முழுக்க முறைப்படி நடந்தது. முறை தவறினது, அதுக்கப்புறம் அவர் எழுந்ததுதான்."

ஓரத்திலிருந்து அதிகாரி தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் துணையைப் பார்த்தார். ஏதோ சொல்லத்தான் போகிறார் என்று துணை நம்பினாள். அவர் பையின் வாரைச் சரி செய்துகொண்டார்.

"என் இடுப்புங்க?" என்றாள் துணை. "குனிய முடியல. பாலிசி என் பேர்லதானே இருக்கு?"

"உங்களால அடுத்தவங்களுக்கு வர்ற கஷ்டத்துக்குத்தான் பாலிசி. உங்க இடுப்பு உங்களுக்கு அடுத்தவங்க இல்ல" என்றார் மேலாளர். பிறகு எழுந்து நின்றார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒரு விஷயத்துக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும். துணைக்கு இருக்கிறதுல என்ன ஆபத்துன்னு இதுநாள் வரைக்கும் யாருக்கும் தெரியாம இருந்தது. இப்ப தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல இருக்கிறவங்க தூக்கிடுறாங்க. அதுதான் ஆபத்து. இனிமே இந்தத் தொழிலுக்கு எங்க கம்பெனி பாலிசி கொடுக்காது. மத்த கம்பெனிகளுக்கும் தகவல் சொல்லியாச்சு."

வெளியே வரும்போது கவுண்டர்காரர் அவளைக் கண்ணால் அழைத்தார். அவர் குரல் அன்றைக்கு இருந்ததைவிட மெதுவாக இருந்தது.

"விருந்தாளியாப் போறதுக்கு இன்ஷூரன்ஸ் தேவையில்லம்மா. காசு வாங்கக்கூடாது, அவ்வளவுதான்."

துணையின் முகம் தெளிந்தது. "அப்ப நான் விருந்தாளியா போய் உக்காந்துக்கிறேன். அக்கா ரெண்டாவது கண்ணுக்குப் போயிட்டு வந்துடுவாங்க."

"அதான் முடியாது. வீட்டுக்காரங்க வீட்டில இருந்தாத்தான் நீங்க விருந்தாளி. அவங்க வெளிய கால் வச்ச நிமிஷம் நீங்க துணை ஆயிடுவீங்க."

"வெளியன்னா?"

"கேட் வரைக்கும் வீடு."

"கேட்டுக்கு அந்தப் பக்கம்?"

கவுண்டர்காரர் கணினியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை என்பதுபோல் கையை விரித்தார்.

மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. விஷயம் பரவிவிட்டது. "உன்னை நம்பாம இல்ல, ஆனா எதுக்கு வம்பு?" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் இப்போது டிரைவர் வீட்டு வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறாள். உள்ளே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகுமோ என்று அவளுக்கும் பயம். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் நிறுவனத்தில் பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறார்கள்.

துணை ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிறாள். நின்றுகொண்டே செய்யும் வேலை. இடுப்பு சாயங்காலத்துக்குள் கெஞ்ச ஆரம்பித்துவிடும். ஓய்வு நாளில் டிரைவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறாள். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் கொண்டு போவாள், விருந்தாளிதான் என்று யார் கேட்டாலும் தெரிவதற்காக. போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். டிரைவர் கேட்டால் போங்கள் என்பாள். இப்போது அதற்குத் தடை இல்லை. விருந்தாளிகள் எந்த ஆலோசனையும் சொல்லலாம்.

அப்போதுதான் டிரைவரின் மனைவியால் நாற்காலியை விட்டு எழ முடியும். எழுந்து, ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போவாள். கேட்டுக்கு உள்பக்கமாகப் போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து உட்காருவாள். புரை எடுத்த கண்ணில் தெரு பளிச்சென்று தெரிந்தது. எதிர் வீட்டுக்கு நீல வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் ஓடி வந்து சொன்னாள். அடித்துச் சில வருஷம் இருக்கும் என்று துணை சொல்லவில்லை. சில சமயம் அந்த நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்ப்பாள். போன தடவை அந்தப் பக்கம் சாம்பலாக இருந்தது, இப்போது பழுப்பாகிவிட்டது என்பாள். டாக்டர் அவளை வரச் சொல்லியிருந்த தேதி போய்விட்டது. இன்னொரு தேதி கொடுத்தார்கள். அதுவும் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். ஒரு நாள் கேட்டுக்கு நேரே வேகம் குறைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தவளை, கண்டக்டர் படியில் இருந்து குனிந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரிங்களாம்மா? வாங்க, சீட் இருக்கு."

அவள் எழுந்து நின்றாள். கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். உள்ளே முன்னறையில் லாரி ஏதோ ஒரு மேட்டை முனகிக்கொண்டு ஏறுவது கேட்டது. துணை ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போங்க அக்கா என்று தலையை ஆட்டினாளா, போகாதீங்க என்று ஆட்டினாளா என்று துணைக்கே தெரியவில்லை.

டிரைவரின் மனைவி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"இல்லப்பா, நீ போ" என்றாள் கண்டக்டரிடம். "வீட்டில விருந்தாளி வந்திருக்காங்க."